பூஜைக்கு அணைத்த பனிப்பெட்டி

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து ஆய்வகக் கதவைத் திறந்தபோது என் டீப் ஃப்ரீசர் செவ்வந்தி மாலை போட்டுக்கொண்டு நின்றது. கதவில் மூன்று விரல் சந்தனம், நடுவில் குங்குமம், தலைமேல் காகிதத் தட்டில் நமுத்துப்போன பொரியும் கடலையும். பெட்டி உறுமிக்கொண்டுதான் இருந்தது. முகப்பில் மைனஸ் எண்பது என்று எண் எரிந்துகொண்டிருந்தது. பரவாயில்லையே, எவ்வளவு லட்சணமாக அலங்காரம் செய்திருக்கிறார்கள் என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் வில்லியனூர் பக்கத்து உறுவையாற்றுப் பெண். அப்பா நெல் வைக்கிறார், கொஞ்சம் கரும்பும். தினமும் ஸ்கூட்டியில் போய்வரும் தூரத்தில் உள்ள ஒரு கல்லூரியில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். இமயமலையில் ஒரு பனியாறு முடியும் இடத்தில், பனிக்குள்ளேயே உயிர்வாழும் பாக்டீரியாக்களைப் பற்றிய ஆராய்ச்சி. ஊரில் இதைச் சொன்னால் ஒருத்தருக்கும் ஏறாது. 'கிருமி படிப்பு' என்பார்கள். மாசி மாதத்திலேயே முதுகு வேர்க்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு பனிக் கிருமியைப் படிக்கிறாளாம் என்று கல்யாண வீடுகளில் என்னை வைத்துச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

விஷயம் ரொம்ப எளிது. இந்தக் கிருமிகள் குளிருக்கென்றே பிறந்தவை. நமக்கு ரத்தம் உறைகிற குளிரில் அவை சாவகாசமாகத் தின்று, பெருகி, குடித்தனம் நடத்தும். நம் ஊர்ச் சூட்டில் ஒருநாள் வைத்தால் வெயிலில் வைத்த வெண்ணெய் மாதிரி அவற்றின் மேல்தோல் இளகிப்போய்ச் செத்துவிடும். அதே பனியில் இன்னொரு வகையும் இருக்கும். குளிரையும் தாங்கும், சூட்டையும் தாங்கும், எங்கே போட்டாலும் பிழைத்துக்கொள்ளும் கூட்டம். பனி மெல்ல மெல்லச் சூடாகும்போது முதல் வகை குறையும், இரண்டாம் வகை அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வெப்பமானி இன்றைய சூட்டைச் சொல்லும். இந்தக் கிருமிகளை எண்ணினால் அந்தப் பனி இத்தனை வருஷமாக என்னென்ன பட்டது என்று சொல்லும். அதனால்தான் நான் எண்ணினேன்.

இரண்டு தடவை போய்வந்தேன். முதல் தடவை கொண்டுவந்த பனியில் குளிர்க் கிருமிகள் ஏராளமாக இருந்தன. வளர்த்து, எண்ணி, முடித்துவிட்டேன். இரண்டாம் தடவை, சில வருஷம் கழித்து, அதே இடத்தில் அதே ஆழத்தில் தோண்டி ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்தேன். அதை எண்ணினால்தான் குறைந்ததா, கூடியதா, எவ்வளவு என்று சொல்ல முடியும். என் பட்டமே அந்த இரண்டாம் பெட்டியில்தான் இருந்தது.

அதை ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்த பாடு கொஞ்சநஞ்சமல்ல. மலையிலிருந்து ஜீப், ஜீப்பிலிருந்து விமானம், சென்னையிலிருந்து பஸ். தெர்மோகோல் பெட்டியில் உலர்பனி போட்டு, நாலு பக்கமும் டேப் ஒட்டி, மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வில்லியனூரில் இறங்கி ஆட்டோவுக்கு நின்றபோது, பக்கத்தில் நின்ற அம்மா ஒருத்தி பெட்டியை மோப்பம் பிடிக்கிற மாதிரி பார்த்துவிட்டு வஞ்சிரமா, சங்கராவா என்று கேட்டாள். தெர்மோகோல் பெட்டி என்றால் எங்கள் பக்கத்தில் மீன்தான். பனிக்கட்டி என்றேன். பனிக்கட்டியை விலை கொடுத்து எவளாவது இவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு வருவாளா என்ற முகத்தோடு அவள் தள்ளி நின்றுகொண்டாள். அப்போது எனக்குக் கோபமே வரவில்லை. அவளுக்கு யார் சொன்னார்கள், தெரிவதற்கு?

தெரிந்தவர்கள் மேல்தான் என் கோபமெல்லாம்.

மாலையைக் கழற்றி வைத்துவிட்டு ஃப்ரீசரைத் திறந்தேன். மேல்தட்டில் வழக்கமாக மாவு தூவினாற்போல இருக்கும் உறைபனியைக் காணோம். அதற்குப் பதில் அடித்தட்டில் கண்ணாடி மாதிரி வழுவழுவென்று ஒரு பாளம். எங்கிருந்தோ தண்ணீர் ஒழுகி, குட்டையாகத் தேங்கி, அப்புறம் உறைந்திருக்கிறது. குழாய்களை அடுக்கியிருந்த அட்டைப்பெட்டி ஊறித் தொய்ந்து, ஒருபக்கம் சாய்ந்து, அந்தப் பாளத்தோடு ஒட்டிக்கிடந்தது. ஒரு குழாயைப் பிடுங்கி எடுத்துப் பார்த்தேன். நான் நிமிர்த்தி வைத்து உறையவைத்த பனி, உள்ளே சாய்வாக உறைந்திருந்தது. உருகித் தண்ணீராகி, பெட்டி சாய்ந்தபோது தானும் சாய்ந்து, அப்படியே மறுபடி உறைந்திருக்கிறது. எல்லாக் குழாய்களும் அப்படித்தான் இருந்தன. முதல் தடவைப் பனியிலிருந்து நான் வளர்த்துப் பத்திரப்படுத்திய கிருமிகளும் அதே பெட்டியில்தான். அவையும் போயின.

ஆய்வக உதவியாளர் அண்ணனைத் தேடிப்பிடித்தேன். அவர் நல்ல மனுஷர், எங்கள் துறையில் எல்லாருக்கும் ஓடியாடி வேலை செய்பவர். வாசலில் உடைத்த பூசணிக்காய்ச் சக்கைகளைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தார். ஃப்ரீசரை யார் அணைத்தது என்று கேட்டதும் கொஞ்சம்கூடத் தயங்காமல், பெருமையாகவே சொன்னார்.

"எச்.ஓ.டி. சார்தான் பாப்பா சொன்னாரு. எல்லா மிஷினும் பூஜைக்கு ஓயணும், ஒன்னு வுடாம அணைச்சிடுன்னாரு. இது ஒன்னுதான் கூவிக்கினே இருந்துச்சு. பின்னாடி பட்டன் இருக்குது இல்ல, அதையும் அமுத்திட்டேன்."

கரண்ட் நின்றால் கத்துவதற்கென்றே அந்தப் பெட்டிக்குள் ஒரு பேட்டரி மணி இருக்கிறது. அது கத்தியிருக்கிறது. பாவம், அது தன் கடமையைச் செய்திருக்கிறது. கதவில் 'எக்காரணம் கொண்டும் அணைக்கக் கூடாது' என்று சிவப்பு எழுத்தில் நான் ஒட்டியிருந்த தாள் என்ன ஆயிற்று என்று கேட்டேன். பூஜைக்கு முன்னால் ஈரத்துணி போட்டுத் துடைத்தாராம், அழுக்கோடு வைக்கக் கூடாது அல்லவா, அதனால் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் சந்தனம் வைத்தாராம். பூஜை, விஜயதசமி, அதோடு ஞாயிறும் சேர்ந்துகொண்டது. முந்தின நாள் சாயங்காலம் கூட்டவந்தபோது ஞாபகமாகப் போட்டுவிட்டாராம். ஞாபகமாக!

அப்போதுதான் மூலையில் இருந்த சின்ன ஃப்ரிட்ஜைப் பார்த்தேன். ஆசிரியர்கள் டீக்குப் பால் வைக்கிற ஃப்ரிட்ஜ். அதற்கும் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ எல்லாம் இருந்தது. ஆனால் அது ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. இதை ஏன் அணைக்கவில்லை அண்ணே என்று கேட்டேன். பூஜைக்கு வைத்த சர்க்கரைப் பொங்கல் மிச்சத்தை அதில்தான் வைத்திருந்தார்களாம், அணைத்தால் ஊசிப்போய்விடும் என்று சார்தான் அதை மட்டும் விடச்சொன்னாராம்.

ஆயுத பூஜை எனக்குப் புதிதா? எங்கள் வீட்டில் மோட்டார், மண்வெட்டி, மருந்தடிக்கிற ஸ்ப்ரேயர், என் ஸ்கூட்டி எல்லாவற்றுக்கும் நான்தான் பொட்டு வைக்கிறேன். அன்றைக்கு மோட்டாரைப் போட மாட்டோம், ஏர் பூட்ட மாட்டோம். ஆனால் வீட்டு ஃப்ரிட்ஜை எவளாவது அணைப்பாளா? பொட்டை வைப்பாள், பூவை வைப்பாள், உள்ளே பால் இருக்கிறது என்று ஓடவிடுவாள். ஒன்றாம் வகுப்புக்கூடப் படிக்காத வீட்டிலும் இந்த அறிவு இருக்கிறது. நுண்ணுயிரியல் துறைத் தலைவருக்குப் பொங்கல் கெடும் என்று தெரிகிறது, பனி கெடும் என்று தெரியவில்லை. இதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

அவர்தான் என் வழிகாட்டியும். அறைக்குப் போய்ச் சொன்னேன். அழுதேனா, கத்தினேனா என்று இப்போது நினைவில்லை. இரண்டும் செய்திருப்பேன். அவர் முதலில் கரண்ட் கட் ஆகியிருக்கும் என்றார். இல்லை சார், நீங்கள் அணைக்கச் சொன்னீர்களாம் என்றேன். கொஞ்ச நேரம் மேஜைக் கண்ணாடியைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, சரி, என்ன உயிரோடிருக்கிறது என்று வளர்த்துப் பார், பார்க்காமல் ஏன் கத்துகிறாய் என்றார். அதுவும் நியாயம்தான் என்று எனக்கு அப்போது பட்டது.

வளர்த்தேன். ஒவ்வொரு குழாயிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்துத் தட்டுகளில் பரப்பி, குளிர் அறையில் வைத்துக் காத்திருந்தேன். குளிர்க் கிருமிகள் அவசரப்படாதவை, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருந்தேன். தினமும் காலையில் போய் எட்டிப்பார்ப்பேன், பிள்ளை வார்டுக்கு வெளியே நிற்கிற மாதிரி. வந்தவை எல்லாம் அந்த இரண்டாம் கூட்டம். எங்கே போட்டாலும் பிழைக்கிற கூட்டம். தட்டு நிறைய மொழுமொழுவென்று, வெள்ளையும் மஞ்சளுமாக, தலைகால் புரியாமல் பெருகியிருந்தன. முதல் தடவை நான் பார்த்த அந்தச் சின்னச் சின்னச் செம்பருத்தி நிறப் புள்ளிகள் விரல்விட்டு எண்ணும்படிகூட இல்லை. ஃப்ரீசரின் கீழ்மூலையில் எப்படியோ தப்பித்த ஒன்றிரண்டு இருந்தால் அதிகம்.

தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வழிகாட்டியிடம் போனேன். அவர் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மலர்ந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. கதவைச் சாத்தச் சொன்னார். சாத்தினேன்.

"ஐஸு மறுபடி ஐஸாத்தானம்மா இருக்குது, எவனுக்குத் தெரியப் போவுது? போன தரம் இவ்ளோ இருந்துச்சு, இந்தத் தரம் இவ்ளோதான்னு எழுதிடு. குளிர் கிருமி கொறஞ்சிடுச்சு, பனி சூடாயிடுச்சு. அதானே உலகத்துல நடக்குது? இதவிடத் தெளிவான ரிசல்ட்டு உனக்கு எங்க கெடைக்கும்?"

அவர் சொன்னதில் இருந்த கொடுமை எனக்கு உறைக்கச் சற்று நேரம் ஆனது. மலையில் பல வருஷச் சூடு செய்கிற வேலையை எங்கள் அறையில் ஒரு புரட்டாசிப் புழுக்கம் செய்துவிட்டது. தட்டைப் பார்த்தால் ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரியாது. பனியாறு சூடானதால் செத்ததா, நாம் சுவிட்சை அணைத்ததால் செத்ததா என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. அதோடு, அவர் எழுதச் சொன்ன முடிவு உண்மையாகவும் இருக்கலாம். அந்த மலையில் குளிர்க் கிருமிகள் குறைந்துதான் இருக்கும் என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனால் தோன்றுவதை எழுதுவதற்கு நான் எதற்கு அத்தனை தூரம் ஏறினேன்? வீட்டிலேயே உட்கார்ந்து எழுதியிருக்கலாமே.

உலகம் சூடாகவில்லை, எல்லாம் விஞ்ஞானிகள் கட்டிவிட்ட கதை என்று பேசித்திரிகிற ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். இப்போது அவர்கள் சொல்கிற அந்தக் கதைக்கட்டலைத்தான் என் வழிகாட்டி என்னைச் செய்யச் சொல்கிறார். அதுவும் நல்ல எண்ணத்தோடு! பட்டம் சீக்கிரம் கிடைக்கட்டும் என்று! முடியாது சார் என்றேன். நிதானமாக யோசி, உனக்கு வயசாகிறது, உதவித்தொகையும் முடியப்போகிறது, வீட்டில் கேட்டுப்பார் என்றார்.

வீட்டில் கேட்கவில்லை, அவர்களாகவே கேட்டார்கள். நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு அலைந்ததைப் பார்த்து அம்மா நச்சரித்து வாங்கிவிட்டாள். அவ்வளவுதானா என்றாள். இரண்டு வரி எழுதிக் கொடுப்பதற்கா இந்த ஆர்ப்பாட்டம், எவன் வந்து உன் தட்டைப் பார்க்கப்போகிறான் என்றாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரும் அதையேதான் சொன்னார். எழுதிக் கொடுத்துப் பட்டத்தை வாங்கிக்கொண்டு வா, எந்த மலையில் எந்தப் பூச்சி செத்தால் உனக்கென்ன என்றார்.

அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு விஷயம் இருந்தது. முந்தின வருஷம் சம்பா கதிர் முற்றி நிற்கிற நேரத்தில் புயல் மழை கொட்டி, வயல் முழுக்கத் தண்ணீர் நின்று, பயிர் படுத்துவிட்டது. கணக்கெடுக்க வந்த அதிகாரி ரோட்டில் ஜீப்பை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி ஒரு பார்வை பார்த்தார். எங்கள் வயலின் ரோட்டோரத் துண்டு கொஞ்சம் மேடு, அங்கே மட்டும் பயிர் நிமிர்ந்து நின்றது. சேதமில்லை என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். அப்பா அந்த ஆளைத் திட்டாத நாளில்லை. சோறு உள்ளே போகாமல் திட்டினார். சாமி முன்னால் சூடம் ஏற்றித் திட்டினார்.

"அந்தாளும் இப்படித்தான்பா எழுதனான்," என்றேன். "வண்டியவுட்டு எறங்காம எழுதனான்."

அப்பா கையைத் தட்டிலேயே உதறினார். எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு, சட்டைகூடப் போடாமல் வயல் பக்கம் போய்விட்டார். பெற்ற அப்பனை அந்தப் பாவியோடு சேர்த்துப் பேசுகிறாயே, உனக்கு நாக்கு அழுகாதா என்று அம்மா என்னைப் பிடிபிடி என்று பிடித்தாள். நான் சேர்க்கவில்லை. அவராகத்தான் போய் அந்த ஜீப்பில் ஏறிக்கொண்டார். அதைச் சொல்லியிருந்தால் அம்மா துடைப்பத்தை எடுத்திருப்பாள், அதனால் வாயை மூடிக்கொண்டேன். அப்பா பல நாள் என்னிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. பேச வேண்டாம். எனக்கும் கோபம்தான்.

பிறகு ஆய்வுக் குழுக் கூட்டம் வந்தது. வருஷத்துக்கு ஒருதடவை நடக்கும். வழிகாட்டி, துறை ஆசிரியர் ஒருவர், வெளிக் கல்லூரியிலிருந்து வரும் ஒரு பேராசிரியை ஆகியோர் முன்னால் நான் செய்ததைக் காட்ட வேண்டும். முந்தின வாரம், என்னை இரண்டு தடவையும் மலைக்குக் கூட்டிப்போன ஆளுக்கு ஃபோன் செய்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அரைகுறை இந்தி. நான் மறுபடி வரவேண்டும், அதே இடத்தில் தோண்ட வேண்டும் என்று திக்கித்திணறிச் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். அப்புறம் அந்த இடத்தை ஃபோட்டோ எடுத்து அனுப்பினார்.

கூட்டத்தில் நான் முதலில் காட்டிய படம், மாலையும் சந்தனமுமாக நின்ற ஃப்ரீசர். கழற்றுவதற்கு முன்னால் எடுத்தது. துறை ஆசிரியர் களுக்கென்று சிரித்துவிட்டார். வழிகாட்டி சிரிக்கவில்லை. அப்புறம் சாய்வாக உறைந்த குழாய்களைக் காட்டினேன், தட்டுகளைக் காட்டினேன். பெட்டி பூஜைக்காக அணைக்கப்பட்டது, அதனால் இந்த எண்ணிக்கைக்கு ஒரு மதிப்பும் இல்லை என்றேன். சாமி காரியத்தை இப்படிப் பொதுவில் கொச்சைப்படுத்தக் கூடாது என்று வழிகாட்டி குரலை உயர்த்தினார். சாமிக்கும் எனக்கும் ஒரு தகராறும் இல்லை சார், பொங்கலுக்கு ஓடவிட்ட ஃப்ரிட்ஜை இதற்கும் ஓடவிட்டிருக்கலாம், அவ்வளவுதான் என்றேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அந்தப் பேராசிரியை நல்லவர். என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில், சரி, நடந்தது நடந்துவிட்டது, இன்னொரு தடவை போய் அதே இடத்தில் எடுத்து வந்துவிடேன், கால நீட்டிப்புக்கு நான் எழுதித் தருகிறேன் என்றார். அவர் சொன்னதும் மற்ற இருவரும் தலையாட்டினார்கள். வழிகாட்டிக்கு உயிரே வந்தது போலிருந்தது. நாலு பூச்சி செத்ததற்கு இவ்வளவு ஆட்டமா, போய் எடுத்துக்கொண்டு வந்தால் தீர்ந்தது என்றார்.

நான் அந்த ஃபோட்டோவைத் திரையில் போட்டேன். சாம்பல் நிறச் சரளைக்கல், அதன் நடுவே பழுப்பாக ஓடுகிற தண்ணீர், தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் இரண்டு செம்மறியாடுகள். இது என்ன என்று பேராசிரியை கேட்டார்.

"நான் தோண்டன எடம் மேடம். பனி உருகி மேல ஏறிப்போயிடுச்சு, அங்க இப்ப ஒன்னும் கெடையாது. அந்தப் பனி கடைசியா இருந்தது நம்ம ரூம்லதான். நாமதான் அணைச்சோம்."

அன்றைய அறிக்கையில், இரண்டாம் பெட்டியில் எத்தனை இருந்தன என்ற கேள்விக்கு நேராக, தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பேராசிரியை போட்டார். துறை ஆசிரியரும் போட்டார். என் வழிகாட்டி போடவில்லை.